கணினிக்குள் ஒரு பொதுச்சுவர்



காலை ஆறரை மணிக்குக் காஜாங் எம்.ஆர்.டி. நிலையத்தில் நின்று சுற்றிலும் பார்த்தோமானால், கோலாலம்பூருக்கு வேலைக்குப் புறப்பட்டவர்களில் பெரும்பாலோர் கைப்பேசியில் கண் பதித்திருப்பதைக் காண்போம். ஒருவர் வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறிவிட்டதா என்று பார்க்கிறார். ஒரு தாய், பிள்ளையின் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த செய்தியைப் படிக்கிறார். ஓர் இளைஞர் நேற்றிரவு இறக்கிய புதிய விளையாட்டில் மூழ்கியிருக்கிறார். பல வேளைகளில் இம்மூன்றும் மூன்று கைப்பேசிகளில் நடப்பவை அல்ல. ஒரே கைப்பேசியில் நடப்பவை. வங்கி நிரலும், செய்தி நிரலும், யார் எழுதியது என்றே தெரியாத விளையாட்டு நிரலும் ஒரே நினைவகத்தில் குடியிருக்கின்றன.

அப்படியானால் ஒரு கேள்வி எழுகிறது. அந்த விளையாட்டு நிரல், பக்கத்தில் குடியிருக்கும் வங்கி நிரலின் இரகசிய எண்ணை எட்டிப் பார்க்க முடியாதா? முடியாது என்று நம்பித்தான் நாம் பணத்தையும் பேச்சையும் படத்தையும் அந்தச் சிறு பெட்டிக்குள் வைத்திருக்கிறோம். அந்த நம்பிக்கைக்கு ஆதாரமாக நிற்பது ஒரு சுவர். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சுவரைப் பற்றியும், அதில் பல ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்த ஒரு விரிசலைப் பற்றியும், அதைக் கண்டுபிடித்து அடைத்த விதத்தைப் பற்றியும் இன்று பேசுவோம்.

சுவர் எதற்கு என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். தொடக்க காலக் கணினிகளில் இந்தச் சுவர் தேவைப்படவில்லை. நம் நாட்டில் 1960களின் நடுப்பகுதியில் தேசிய மின்சார வாரியம் கணினியை நிறுவியது. அக்காலத்தில் பரவலாகப் புழங்கிய ஐ.பி.எம். 1401 போன்ற கணினிகளில் பொதுவாக ஒரு வேளைக்கு ஒரு வேலைதான். ஒரு கட்டு அட்டைகளைக் கொடுத்தால் அந்த வேலை முடியும்வரை கணினி முழுவதும் அதற்கே சொந்தம். ஒண்டிக் குடித்தனம் நடத்துபவருக்குப் பக்கத்து வீட்டாரோடு சண்டை வர வழியில்லை அல்லவா? அதுபோலத்தான்.

பின்னர், விலை உயர்ந்த கணினியை ஒரு வேலைக்கு மட்டும் விட்டுவைப்பது வீண் என்று உணர்ந்தார்கள். பல வேலைகளை ஒரே நேரத்தில் நடத்த வழி தேடினார்கள். இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1962ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினி, நினைவகத்தைச் சம அளவுள்ள பக்கங்களாகப் பிரித்துக் கையாளும் முறையைக் கொண்டுவந்தது. 1985ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 80386 சில்லு, அந்த முறையை மேசைக் கணினிக்கும் கொண்டுவந்தது. இன்று நம் கைப்பேசிகளும் அதே கருத்தின்மீதுதான் நிற்கின்றன. ஒரு பக்கம் என்பது பெரும்பாலும் 4,096 எழுத்துகள் கொள்ளும் ஓர் அளவு.

இந்தப் பக்கங்களை யாருக்கு எது என்று பிரித்துக் கொடுப்பது கெர்னல். அந்த ஆங்கிலச் சொல்லுக்குக் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு என்று பொருள். இயங்குதளத்தின் மையப் பகுதியே கெர்னல் ஆகும். ஒவ்வொரு நிரலுக்கும் கெர்னல் ஓர் அட்டவணை எழுதி வைத்திருக்கிறது. காஜாங்கில் எத்தனையோ தாமான்கள் இருக்கின்றன. ஒவ்வொரு தாமானிலும் 12ஆம் எண் வீடு உண்டு. எந்தத் தாமான் என்று தெரிந்த தபால்காரர் கடிதத்தைச் சரியான வீட்டில் சேர்த்துவிடுவார். அதே போல, இரண்டு நிரல்கள் ஒரே முகவரி எண்ணைச் சொன்னாலும், அவரவர் அட்டவணைப்படி வெவ்வேறு பக்கங்களுக்குத்தான் போய்ச் சேர்வார்கள். தன் அட்டவணையில் இல்லாத பக்கத்தை ஒரு நிரலால் குறிப்பிடவே முடியாது. நாம் சொன்ன சுவர் என்பது இந்த அட்டவணைதான். செங்கல்லும் சிமெண்டும் இல்லை. வெறும் கணக்குப் புத்தகம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எல்லாவற்றையும் முற்றிலும் தனித்தனியாக வைத்தால் இடம் போதாது. எழுத்துகளைத் திரையில் காட்டுவது, கோப்பைத் திறப்பது போன்ற பொதுவான வேலைகளுக்கான நிரல் துண்டுகள் எல்லா நிரல்களுக்கும் வேண்டும். ஐம்பது நிரல்களுக்கு ஐம்பது படிகள் வைப்பதைவிட, ஒரே படியை ஐம்பது பேரும் படிக்கச் செய்வது சிக்கனம். ஆகவே கெர்னல் ஒரு பக்கத்தைப் பலருடைய அட்டவணையிலும் குறித்து வைக்கிறது. ஆனால் 'படிக்கலாம், எழுதக் கூடாது' என்ற நிபந்தனையோடு. இது தொடர் வீடுகளின் பொதுச்சுவர் போன்றது. இரு வீட்டாருக்கும் பயன். ஒருவர் தன் பக்கம் ஆணி அடிக்கலாம், ஆனால் சுவரை இடிக்கலாகாது.

சரி, ஒரு நிரல் அந்தப் பொதுப் பக்கத்தில் எதையாவது மாற்ற விரும்பினால்? தனக்கென்று மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று கேட்டால், கெர்னல் அப்போதுதான் ஒரு நகல் எடுத்து, அந்த நகலை அவருக்குக் கொடுக்கிறது. மூலம் அப்படியே இருக்கும். எழுதுவது நகலில் நடக்கும். எழுதும்போது நகலெடு என்னும் பொருளில் இதை ஆங்கிலத்தில் 'காப்பி ஆன் ரைட்' என்பார்கள். மிக அழகான ஏற்பாடு. நாம் சொல்ல வந்த விரிசல் விழுந்தது இந்த ஏற்பாட்டில்தான்.

விரிசல் எப்படிப்பட்டது என்பதை ஒரு கற்பனைக் காட்சியாகப் பார்ப்போம். நம் ஊரில் ஒரு நூலகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே ஒரு பெரிய பேரேடு இருக்கிறது. ஊரில் யாருக்கு எந்த அறையின் சாவியைக் கொடுக்கலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. யாரும் அதைப் படிக்கலாம். எழுத ஆசைப்படுபவருக்கு நூலக எழுத்தர் ஒரு நகல் எடுத்துக் கொடுப்பார். அந்த நகலில் எதை வேண்டுமானாலும் கிறுக்கிக்கொள்ளலாம். பேரேட்டில் மட்டும் கை வைக்கக் கூடாது.

ஒருவர் வந்து ஒரு சீட்டைக் கொடுக்கிறார். சீட்டில் 'இந்தப் பக்கத்தில் இவ்வாறு எழுதித் தரவும்' என்று இருக்கிறது. எழுத்தர் பார்க்கிறார்: எழுதும் வேலை, ஆகவே நகல் எடுக்க வேண்டும். நகல் எடுத்து அவருடைய தட்டில் வைக்கிறார். பிறகு சீட்டில் உள்ள 'எழுத' என்ற சொல்லை அடித்துவிடுகிறார். ஏன்? நகல்தான் எடுத்தாயிற்றே, இனி அனுமதி பற்றிய கவலை இல்லை. தட்டில் இருப்பதை எடுத்து எழுதினால் போதும் என்ற எண்ணம். சீட்டை அடித்துவிட்டுத் தட்டை நோக்கித் திரும்புகிறார்.

அந்த ஒரு நொடியில், வந்தவருடைய கூட்டாளி இன்னொரு எழுத்தரிடம், 'எங்கள் தட்டில் இருக்கும் நகல் தேவையில்லை, எறிந்துவிடுங்கள்' என்கிறார். நியாயமான கோரிக்கைதான்; நகல் அவர்களுடையது. இரண்டாம் எழுத்தர் எறிந்துவிடுகிறார். முதல் எழுத்தர் தட்டைப் பார்க்கிறார்; காலி. மறுபடி சீட்டைப் பார்க்கிறார். 'எழுத' என்ற சொல் அடிக்கப்பட்டிருப்பதால், இது வெறும் படிக்கும் வேலை என்று எண்ணி, மூலப் பேரேட்டையே எடுத்து வந்து வைக்கிறார். ஆனால் கையில் பேனா இருக்கிறது. எழுத வேண்டிய வாசகமும் மனத்தில் இருக்கிறது. எழுதிவிடுகிறார். பேரேடு மாறிவிட்டது! இனி எல்லா அறைகளின் சாவியும் வந்தவர் கையில்.

நேயர்களே, இக்காட்சியில் யாரும் பொய் சொல்லவில்லை. இரண்டு எழுத்தர்களும் தத்தம் வேலையை விதிப்படி செய்தார்கள். தவறு எங்கே? சோதித்த நேரத்துக்கும் செய்த நேரத்துக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளிக்குள் உலகம் மாறிவிட்டது. கணினித் துறையில் இதற்குப் 'பந்தய நிலை' என்று பெயர். இரண்டு வேலைகள் ஒன்றையொன்று முந்தப் பார்க்கும்போது, யார் முந்தினார் என்பதைப் பொறுத்து விடை மாறும் நிலை அது.

நாம் கற்பனையாகச் சொன்ன இந்த நிகழ்ச்சி, லினக்ஸ் கெர்னலில் உண்மையாகவே இருந்தது. லினக்ஸ் என்பது ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டு, மேற்சொன்ன 80386 சில்லுள்ள கணினியில் எழுதத் தொடங்கிய கெர்னல். இன்று உலகின் சேவைக் கணினிகளில் பெரும்பகுதியும், ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் அனைத்தும் அதன்மீதே இயங்குகின்றன. தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டு தொடங்கிய மாணவர்களுக்கான இலவச மடிக்கணினித் திட்டத்தில், சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' எனும் லினக்ஸ் வகையும் இடம்பெற்றது. ஆகவே இது எங்கோ தூர தேசத்துச் சங்கதி அல்ல. நம் சட்டைப் பையிலும் நம் பிள்ளைகளின் மேசையிலும் இருந்த சங்கதி.

அந்த வழு பயன்படுத்தக்கூடிய நிலையில் 2007ஆம் ஆண்டு வெளிவந்த 2.6.22 பதிப்பிலிருந்தே இருந்தது. பொதுமக்களுக்குத் தெரிய வந்தது 2016 அக்டோபரில். ஒன்பது ஆண்டுகள்! நகலெடுக்கும் ஏற்பாட்டின் ஆங்கிலப் பெயரிலுள்ள மூன்று சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஆங்கிலத்தில் பசு என்று வரும். எழுதப்பட்ட பக்கத்தை அழுக்குப் பக்கம் என்று சொல்வது கணினியாளர் வழக்கம். இரண்டையும் சேர்த்து இந்த வழுவுக்கு 'டர்ட்டி கவ்', அதாவது அழுக்குப் பசு என்று வேடிக்கையாகப் பெயரிட்டார்கள். பெயர் வேடிக்கை, விளைவு வேடிக்கை அல்ல. சாதாரணப் பயனர் ஒருவர், தனக்கு எழுத உரிமையே இல்லாத கோப்பை மாற்றி, கணினி முழுவதற்கும் அதிபதியாகிவிட முடிந்தது.

இந்தக் கதையில் நம்மை நின்று சிந்திக்க வைக்கும் பகுதி இனிமேல்தான் வருகிறது. இந்த விரிசலை 2016இல்தான் முதன்முதலாகப் பார்த்தார்களா என்றால், இல்லை. பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே, 2005 ஆகஸ்டில், டோர்வால்ட்ஸ் தாமே இதை அடைக்க முயன்றிருந்தார். பக்கம் உண்மையிலேயே எழுதப்பட்ட நகல்தானா என்பதை அட்டவணையில் உள்ள 'எழுதப்பட்டது' என்ற அடையாளத்தை வைத்துச் சரிபார்ப்பது அவர் வழி. ஆனால் எஸ்390 எனப்படும் ஐ.பி.எம். பெருங்கணினிகளில் அந்த அடையாளம் அட்டவணையில் இராது. நினைவகத் துண்டோடு சேர்ந்து வேறோர் இடத்தில் இருக்கும். ஆகவே அந்தத் திருத்தம் அங்கே ஒத்துவரவில்லை. விரைவிலேயே அது திரும்பப் பெறப்பட்டது.

திரும்பப் பெற்றதில் குற்றம் காண முடியாது. ஒரு வீட்டு ஓட்டையை அடைக்கப் போய் இன்னொரு வீட்டுக் கதவு திறக்காமல் போனால் என்ன செய்வது? அப்போது அந்தப் பந்தய நிலை ஏட்டளவில் மட்டும் இருந்தது. நடைமுறையில் அப்படி நடப்பது அரிது என்று கருதினார்கள். அன்று அது உண்மையாகவும் இருந்திருக்கலாம். ஆனால் ஆண்டுகள் போகப் போகக் கணினிகள் மாறின. ஒரே சில்லில் இரண்டு, நான்கு, எட்டு என்று செயலகங்கள் வந்தன. நினைவக மேலாண்மையும் பல வேலைகளை ஒருசேரத் தாங்கும்படி விரிவடைந்தது. நூலகத்தில் ஒரே எழுத்தர் இருந்த காலத்தில் ஒருவர் செய்து முடித்தபின் அடுத்தது. எட்டு எழுத்தர்கள் ஓடியாடி வேலை செய்யும் காலத்தில், ஒருவர் திரும்பும் அந்த நொடியில் இன்னொருவர் புகுந்துவிடுவது எளிதாகிவிட்டது. நிரலின் வரிகள் மாறவில்லை. அதைச் சுற்றியிருந்த உலகம் மாறியது. ஏட்டளவில் இருந்த ஐயம், நாளடைவில் நாட்டு நடப்பாயிற்று.

இதற்கிடையில் எஸ்390 கணினிகளின் அடையாளச் சிக்கல் 2013ஆம் ஆண்டு வெளிவந்த 3.9 பதிப்பிலேயே தீர்ந்துவிட்டது. அதாவது பழைய திருத்தத்தைத் தடுத்த காரணம் நீங்கிவிட்டது. ஆனால் 'காரணம் நீங்கிவிட்டதே, அந்தப் பழைய ஓட்டையைத் திரும்பப் பார்ப்போமா' என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. நம் வீடுகளிலும் இப்படி நடப்பதுண்டு. பணம் வந்ததும் கூரையைச் சரிசெய்யலாம் என்று ஒழுகும் இடத்தில் வாளியை வைப்போம். பணம் வரும், வாளியும் அங்கேயே இருக்கும், கண்ணுக்குப் பழகிப்போய்விடும்.

வழு வெளிப்பட்ட விதமும் அறியத் தக்கது. இதைப் பயன்படுத்திப் புகுபவர், வழக்கமான பதிவேடுகளில் தடயம் எதையும் விட்டுச் செல்வதில்லை. பில் ஓஸ்டர் என்பவர் தம் சேவைக் கணினிக்கு இணையம் வழியாக வரும் போக்குவரத்தை முழுமையாகப் பதிவு செய்து வைக்கும் வழக்கம் உடையவர். அவருடைய கணினிக்குள் ஒருவர் புகுந்தபோது, அந்தப் பதிவிலிருந்து, புகுந்தவர் கொண்டுவந்த நிரலையே அவரால் பிரித்தெடுக்க முடிந்தது. அதை ஆராய்ந்து கெர்னல் பராமரிப்பாளர்களுக்குத் தெரிவித்தார். அதாவது, ஆய்வாளர்கள் கண்டுபிடிப்பதற்கு முன்பே கள்வர்கள் கண்டுபிடித்துப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். 'நடக்காது' என்று நாம் ஒதுக்கி வைத்ததை, நடத்திப் பார்க்கும் பொறுமை உடையவர் உலகில் இருக்கிறார் என்பதை இது காட்டுகிறது.

இத்தகைய வழுவைத் துப்புத் துலக்குவது ஏன் கடினம்? முதலாவது, அது எப்போதும் வெளிப்படாது. ஆயிரம் முறை சரியாக நடந்து, ஒரு முறை தவறும். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மட்டும் மறைந்துவிடும் வலியைப் போன்றது. இரண்டாவது, அதைப் பார்க்க முயன்றாலே அது ஒளிந்துகொள்ளும். நிரல் எந்த வரியில் இருக்கிறது என்று அறிய, ஆங்காங்கே 'இங்கே வந்தேன்' என்று எழுதச் செய்வது எளிய வழி. ஆனால் அப்படி எழுதுவதற்குச் சிறிது நேரம் பிடிக்கும். அந்தச் சிறு தாமதத்தில் இரண்டு வேலைகளும் மோதிக்கொள்ளாமல் விலகிவிடும். வழு காணாமற் போகும். எழுத்தை நீக்கினால் மறுபடி வந்து நிற்கும்!

ஆகவே இவ்வேலையில் தேர்ந்தவர்கள் ஓர் ஒழுங்கைக் கடைப்பிடிக்கிறார்கள். முதற்படி, வழுவை வேண்டும்போது வரவழைப்பது. டர்ட்டி கவ் வழுவை நிறுவிய சோதனை நிரல் மிகச் சிறியது. அதில் இரண்டு இழைகள். ஒன்று, 'எழுது, எழுது' என்று ஓயாமல் கேட்கும். மற்றது, 'நகலை எறி, எறி' என்று ஓயாமல் சொல்லும். இலட்சக்கணக்கான தடவை இப்படி மோதவிட்டால், எப்போதாவது நடக்கும் ஒன்று பெரும்பாலும் சில நொடிகளில் நடந்துவிடும். அரிதான நோயைக் கண்கூடாகக் காட்டிய பிறகுதான் மருந்து சரியானதா என்று சொல்ல முடியும்.

இரண்டாம் படி, எந்த மாற்றத்தால் வழு வந்தது என்று தேடுவது. கெர்னலில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றமும் 2005 ஏப்ரல் முதல் 'கிட்' எனும் ஏட்டில், செய்தவர் பெயரோடும் காரணத்தோடும் பதிவாகிறது. இந்தக் கிட் ஏட்டையும் டோர்வால்ட்ஸ்தான் உருவாக்கினார். நல்ல பதிப்புக்கும் கெட்ட பதிப்புக்கும் நடுவே ஆயிரம் மாற்றங்கள் இருந்தாலும், ஒவ்வொரு முறையும் நடுவில் உள்ளதை எடுத்துச் சோதித்துப் பாதியைக் கழித்தால், பத்தே சோதனைகளில் குற்றவாளியைப் பிடித்துவிடலாம். பத்து முறை இரட்டித்தால் 1,024 ஆகும் என்பதே இதன் கணக்கு. மூன்றாம் படி, அறிகுறியை மறைக்காமல் காரணத்தைத் திருத்துவது. நான்காம் படி, அதே தவறு பக்கத்து அறையிலும் இருக்கிறதா என்று பார்ப்பது.

2016இல் செய்த திருத்தம் மூன்றாம் படிக்கு நல்ல எடுத்துக்காட்டு. நம் நூலகக் காட்சிக்குத் திரும்புவோம். சீட்டில் உள்ள 'எழுத' என்ற சொல்லை அடிக்கும் பழக்கமே தவறு என்று கண்டார்கள். அச்சொல் கடைசிவரை இருக்க வேண்டும். அதன் அருகே, 'நகல் எடுத்தாயிற்று' என்று தனியாக ஒரு குறிப்பு எழுத வேண்டும். தட்டில் கை வைக்கும்போது, அந்தக் குறிப்பை மட்டும் நம்பாமல், அங்கே இருப்பது உண்மையில் எழுதப்பட்ட நகல்தானா என்று அதன் அடையாளத்தையும் பார்க்க வேண்டும். நகல் இல்லையென்றால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவ்வளவுதான். உலகமெங்கும் கோடிக்கணக்கான கருவிகளைத் தொட்ட வழுவுக்கான மருந்து, சில வரிகளுக்குள் அடங்கிவிட்டது. அதைப் பதிவு செய்யும்போது, பதினோரு ஆண்டுகளுக்கு முன் தாம் முயன்று சரியாகச் செய்யாமல் விட்ட வேலை இது என்று டோர்வால்ட்ஸ் ஒளிக்காமல் எழுதி வைத்தார். கிட் ஏட்டில் இன்றும் அதைப் படிக்கலாம்.

ஆனால் நான்காம் படியில் ஒரு சறுக்கல் நேர்ந்தது. நினைவகத்தில் 4,096 எழுத்துப் பக்கங்களைத் தவிர, வேகத்துக்காகப் பல பக்கங்களை ஒன்றாகச் சேர்த்த பெரிய பக்கங்களும் உண்டு. பெரிய பக்கம் ஒன்றை யாரும் எழுதாமலேயே அதன்மீது 'எழுதப்பட்டது' என்ற அடையாளம் விழுந்துவிடும் ஒரு வழி இருந்தது. அடையாளத்தை நம்பிய புதிய சோதனை அங்கே ஏமாந்தது. 2017 நவம்பரில் பிண்டெசி என்ற குழுவினர் இதைக் கண்டு சொன்னார்கள். பிறகு அதுவும் அடைக்கப்பட்டது. ஒட்டுப்போட்ட இடத்தின் ஓரத்தில்தான் துணி மறுபடி கிழியும் என்பதைத் தையற்காரர்கள் அறிவார்கள்.

விரிசல் அடைக்கப்பட்ட செய்தி எல்லோர் வீட்டையும் எட்டியதா? இல்லை. 2017 செப்டம்பரில் டிரெண்ட் மைக்ரோ என்ற பாதுகாப்பு நிறுவனம் ஓர் ஆய்வை வெளியிட்டது. விளையாட்டு போன்ற நிரல்களின் வேடத்தில் வந்த ஒரு தீநிரல், இதே டர்ட்டி கவ் வழியாக ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்குள் புகுந்ததை அது விவரித்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அது தென்பட்டது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் சீனாவிலும் இந்தியாவிலும் இருந்தனர். மருந்து கண்டுபிடித்து ஏறத்தாழ ஓராண்டு ஆகியும், அதை உட்கொள்ளாத கைப்பேசிகள் இருந்ததால் வந்த வினை அது.

சோதனைக்கும் செயலுக்கும் நடுவே விழும் இடைவெளி கெர்னலுக்கு மட்டும் உரிய குறை அல்ல. 2018 ஜனவரியில் 'மெல்ட்டவுன்' என்ற குறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழுவினரும், ஆஸ்திரியாவின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும், சைபரஸ் நிறுவனத்தாரும் தனித்தனியே அதைக் கண்டிருந்தனர். அங்கே தவறு செயலகச் சில்லிலேயே இருந்தது. வேகத்துக்காகச் சில்லு, அனுமதி உண்டா என்ற சோதனை முடியுமுன்பே, கெர்னலின் பக்கத்தை முன்கூட்டிப் படித்துவிடும். அனுமதி இல்லை என்று தெரிந்ததும் படித்ததைத் தூக்கி எறிந்துவிடும். ஆனால் படித்த சுவடு சில்லின் உள் நினைவகத்தில் மிஞ்சியிருக்கும். அதை அளந்து இரகசியத்தை ஊகித்துவிடலாம். இதற்குப் பரிகாரமாக, நிரல்கள் ஓடும்போது கெர்னலின் பக்கங்களை அட்டவணையிலிருந்தே பெரும்பாலும் நீக்கிவிடும் ஏற்பாட்டைச் செய்தார்கள். சில வேலைகளில் கணினியின் வேகம் சற்றுக் குறைந்தது. பாதுகாப்புக்கு விலை உண்டு; அதைக் கொடுக்கத்தான் வேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

அப்படியானால் நாம் செய்யக்கூடியது என்ன? காஜாங்கில் நம் வீட்டுக் கூடத்தில், மகன் பழசாகிவிட்டது என்று கொடுத்த கைப்பேசியைத்தான் பெரும்பாலும் பாட்டி வைத்திருப்பார். ஓய்வூதியம் வந்த செய்தியும், மருத்துவமனைக்குப் போக வேண்டிய தேதியும் அதில்தான் வரும். அவ்வப்போது, 'புதுப்பிக்க வேண்டும்' என்று அது கேட்கும். பாட்டி பயந்துபோய், 'பிறகு' என்பதை அழுத்திவிடுவார். நாமும் அதைத்தானே செய்கிறோம்? அந்தப் புதுப்பிப்பு வெறும் வண்ணமும் படமும் மாற்றுவதற்காக வருவதாக நினைக்கிறோம். பல வேளைகளில் அது விரிசல் அடைக்க வரும் கொத்தனார். வாசலில் நிற்பவரை நாளை வா என்று அனுப்பிவிடக் கூடாது. நிறுவனம் புதுப்பிப்பு அனுப்புவதை நிறுத்திவிட்ட பழைய கைப்பேசியாக இருந்தால், அதில் வங்கிக் கணக்கை வைக்காமல் இருப்பதே நல்லது. இந்த வார இறுதியில் பாட்டியின் அருகில் உட்கார்ந்து, அதைப் பார்த்துக் கொடுப்பது பேரப்பிள்ளைகளின் பொறுப்பு.

கணினித் துறையில் சேர விரும்பும் மாணவர்களுக்கும் ஒரு சொல். நம் வட்டாரத்தில், காஜாங்கின் எல்லையிலேயே தேசிய எரிசக்திப் பல்கலைக்கழகம் இருக்கிறது; பக்கத்துப் பாங்கியில் மலேசிய தேசியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. படிக்க இடம் உண்டு. லினக்ஸ் கெர்னலின் ஒவ்வொரு வரியும், ஒவ்வொரு திருத்தத்தின் காரணமும், யாரும் படிக்கும்படி திறந்தே இருக்கின்றன. வேலையில் இறங்கியபின் ஒரு வழுவைக் கண்டு, இப்போதைக்கு இதைத் திருத்த முடியாது என்ற நிலை வரலாம். அது குற்றமல்ல. ஆனால் ஏன் விட்டோம், எந்தத் தடை நீங்கினால் மறுபடி பார்க்க வேண்டும் என்று எழுதி வையுங்கள். எழுதி வைத்ததை ஆண்டுக்கு ஒரு முறையாவது எடுத்துப் பாருங்கள். 'இப்படி நடக்க வாய்ப்பே இல்லை' என்று சொல்லத் தோன்றும்போது, 'இன்றைய கணினியில் வாய்ப்பில்லை' என்று திருத்திச் சொல்லப் பழகுங்கள்.

பொதுச்சுவர் இருக்கும்வரை பக்கத்து வீட்டாரைப் பற்றிக் கவலைப்படாமல் நாம் உறங்குகிறோம். அந்த உறக்கத்துக்காக எங்கெங்கோ விழித்திருந்து, விரிசல் தேடி அடைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் சாந்தை வாங்கிப் பூசுகிற சிறு வேலையையாவது நாம் காலத்தில் செய்வோம்.